என் முகத்துக்கு நானே எடுத்த ஆரத்தி

ஐம்பத்து மூன்று வயதில், பான் கடையில் சுண்ணாம்பு வாங்கி, அதைக் குழைத்து, சொந்த முகத்தில் பூசிக்கொண்ட ஆள் நான். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பந்தயம் கட்டவில்லை. குடித்திருக்கவும் இல்லை. ஒரு சனிக்கிழமைக் காலையில், தெளிந்த புத்தியோடு கண்ணாடியைப் பார்த்தபடி, கரண்டியின் பின்பக்கத்தால் தடவிக்கொண்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நடுவில் சொன்னால், இவ்வளவு நேரம் இந்த ஆளின் பேச்சையா கேட்டுக்கொண்டிருந்தோம் என்று உங்களுக்குக் கோபம் வரும்.

எல்லாம் மெட்ரோவில் ஆரம்பித்தது.

தில்லி ஓர் ஆணைப் படிப்படியாகத்தான் கிழவனாக்கும். வந்த புதிதில் நான் எல்லோருக்கும் பையா, அதாவது அண்ணன். பிறகு மரியாதை கூடிப் பாய்சாப். காதோரம் நரைத்ததும் அங்கிள். அங்கிளோடு நான் சமரசமாகிவிட்டேன். காய்கறி வண்டிக்காரன், என்னைவிட இரண்டு வயது பெரியவன், அவனே என்னை அங்கிள் என்றபோதுகூடப் பேசாமல் வெண்டைக்காய் பொறுக்கினேன். ஆனால் அன்று மெட்ரோவில், முதுகில் மடிக்கணினிப் பையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் சட்டென்று எழுந்து, "பைட்டியே, பாபாஜி" என்றாள். பாபாஜி என்றால் தாத்தா; பின்னால் யாரோ பெரியவர் நிற்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். கதவுதான் நின்றது. "நஹீ நஹீ" என்றேன். அவள் பெருந்தன்மையாகச் சிரித்து, "கோயி பாத் நஹீ, பாபாஜி. உமர் ஹை" என்றாள். உமர் என்றால் வயது. வயசாயிடுச்சு, அதனால் என்ன, உட்காருங்கள் என்று அர்த்தம். பெட்டி முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. உட்கார்ந்தேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் மந்திர் மார்க் பக்கம் ஒரு பள்ளியில் வேதியியல் சொல்லித்தருபவள், ஊர் மதுரை, இரக்கத்தை அளந்துதான் ஊற்றுவாள்.

"அந்தப் பிள்ளைக்குக் கண்ணு நல்லாத் தெரியுது. உங்களுக்குத்தான் தெரிய மாட்டேங்குது. மொதல்ல போயி அந்தக் கண்ணாடிய மாத்துங்க."

கண்ணாடி விவகாரம் எங்கள் வீட்டில் ஒரு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. நான் புத்தகத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படிப்பதாக அவள் குற்றச்சாட்டு. காகித விலை ஏறியதால் பதிப்பகத்தார் எழுத்தைச் சின்னதாக்கிவிட்டார்கள் என்பது என் தரப்பு. தமிழில் எழுத்தைச் சின்னதாக்கினால் றகரமும் நகரமும் ஒட்டிக்கொள்கின்றன என்றும், இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதப்போவதாகவும் சொல்லிவைத்திருந்தேன்.

கண் பற்றி இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். எனக்கு இருப்பது ஒன்றரைக் கண். வலது கண் பிறவிச் சோம்பேறி. ஆள் வருவது தெரியும், யார் என்று தெரியாது. பலகை தெரியும், எழுத்து தெரியாது. சிறுவயதில் யாரும் கவனிக்கவில்லை, கவனித்தபோது காலம் கடந்துவிட்டது. நான் படித்தது, எழுதியது, ஆபீஸில் கோப்பு பார்த்துச் சம்பளம் வாங்கியது எல்லாமே இடது கண்ணின் உழைப்பு. வலதுக்கு மாதச் சம்பளம் மட்டும்.

பாபாஜி என்ற சொல் மனதில் முள்ளாக நின்றது. எங்கள் மேல்மாடியில் ஒரு பஞ்சாபி அம்மாள் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர், தெருவுக்கே ஆன்ட்டிஜி. முழங்கால் அவர் வயதைச் சொல்லும். கன்னம் மட்டும் கல்யாணப் பெண்ணுடையது. மொட்டைமாடியில் துணி உலர்த்தும்போது, என் மனைவி கேட்கச் சொன்னதாக ஒரு பொய்யைச் சொல்லி, ரகசியம் என்ன என்று கேட்டேன். பக்கத்து வீட்டு ஏர்கூலர் விமானம்போல இரைந்துகொண்டிருந்தது. அவர் வாயில் துணிக் கவ்வியை வைத்துக்கொண்டே நாலு சாமான் சொன்னார். எனக்குக் கேட்டது இது: பேசன், ஹல்தி, சூனா, தஹி.

கடலை மாவு, மஞ்சள், சுண்ணாம்பு, தயிர்.

இங்கே தமிழ்க் காதின் பெருமையைப் பேசியாக வேண்டும். நமக்கு ச ஒன்றுதான். இந்திக்காரர்கள் அந்த இடத்தில் நாலு எழுத்து வைத்திருக்கிறார்கள். அழுத்தி ஒன்று, மெலிதாக ஒன்று, மூச்சுவிட்டு ஒன்று, விடாமல் ஒன்று. இருபத்தைந்து வருடமாக நான் நாலுக்கும் ஒரே செருப்பை மாட்டி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். காய்கறி வாங்குவதற்கு அது போதுமானதாகவே இருந்தது.

சுண்ணாம்பா என்று ஒரு கணம் யோசிக்காமல் இல்லை. யோசித்ததுதான் தப்பாகப் போயிற்று. படித்தவன் யோசித்தால் ஆதாரம் கிடைத்துவிடும். வெற்றிலையில் தடவி வாய்க்குள்ளேயே போடுகிறார்கள், முகத்துக்கு ஆகாதா? அதைவிட, ஆரத்தி. மஞ்சளையும் சுண்ணாம்பையும் தண்ணீரில் கலந்தால் சிவக்கும்; அந்தத் தட்டைச் சுற்றித்தானே மணமக்களை வீட்டுக்குள் விடுகிறோம், அதைத் தொட்டுத்தானே நெற்றியில் பொட்டு வைக்கிறோம்? தமிழ்நாட்டின் அத்தனை மாப்பிள்ளைகளும் மஞ்சளும் சுண்ணாம்பும் பட்ட நெற்றியோடு சௌக்கியமாகத்தான் இருக்கிறார்கள். பஞ்சாபிகள் அதில் கொஞ்சம் கடலை மாவும் தயிரும் சேர்க்கிறார்கள், அவ்வளவுதான். தேசிய ஒருமைப்பாடு என்று நினைத்துக்கொண்டேன். வெற்றிலையில் சுண்ணாம்பு கூடினால் நாக்கு வெந்துபோகும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அது நினைவுக்கு வரவில்லை. நமக்குச் சாதகமில்லாத அறிவு வேளைக்கு வருவதில்லை.

சனிக்கிழமை மனைவி காய்கறி வாங்கக் கிளம்பியதும் முனைப் பான் கடைக்குப் போனேன். சூனா என்றேன். கடைக்காரன் ஒரு சின்ன டியூபை எடுத்து வைத்தான். "தம்பாகு?" என்று கேட்டான். புகையிலை வேண்டாம் என்றேன். பாக்கும் வேண்டாம், இலையும் வேண்டாம். வாளி இல்லாமல் கயிறு மட்டும் வாங்குகிறவனைப் பார்ப்பதுபோல அவன் என்னைப் பார்த்தான். நான் அதற்கு அர்த்தம் தேடவில்லை.

கிண்ணத்தில் குழைத்தபோது மஞ்சள் நிறம் கண்ணெதிரே ரத்தச் சிவப்பானது. மனம் குளிர்ந்தது. நாயனமும் நலங்குப் பாட்டும் காதில் கேட்காததுதான் பாக்கி. பூசிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தேன். எல்லையில் நிற்கும் காவல் தெய்வம் பனியனோடு நின்றது.

முதலில் தயிரின் குளுமை. பிறகு ஓர் இறுக்கம், யாரோ பின்னாலிருந்து முகத்தைப் பிடித்து இழுப்பதுபோல. வேலை செய்கிறது என்று நினைத்தேன். பிறகு மூக்கின் இரு பக்கமும், உதட்டுக்கு மேலும், ஒரு சூடு. அதற்கும் ஓர் ஆறுதல் வைத்திருந்தேன்: சும்மாவா வரும் அழகு? அந்த வாக்கியத்தை மனதுக்குள் முடிப்பதற்குள் சூடு எரிச்சலாகி, எரிச்சல் நெருப்பாகிவிட்டது. இஸ்திரிப் பெட்டியை எடுத்து யாரோ கன்னத்தில் வைத்துவிட்டு, மறந்து, போன் பேசப் போய்விட்டதுபோல இருந்தது.

வாஷ்பேசினுக்கு ஓடிக் குழாயைத் திறந்தேன். குழாய் தொண்டையைக் கனைத்தது. ஒரு கைப்பிடி தண்ணீர் கக்கியது. நின்றுவிட்டது.

ஜூன் மாதத் தில்லியில் காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். அப்போது மோட்டாரைப் போட்டு மாடித் தொட்டியை நிரப்பிக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் அது என் வேலை. அன்று முகத்தின் நினைப்பில் மறந்துவிட்டேன்.

கிடைத்த கைப்பிடித் தண்ணீரை முகத்தில் அடித்து இரண்டு கையாலும் தேய்த்தேன். செய்யக் கூடாததைத் தேர்ந்தெடுத்துச் செய்வதில் எனக்கு ஒரு கை ராசி உண்டு. பாதி இளகிய சிவப்புக் குழம்பு நெற்றியிலிருந்து வழிந்தது. வலது கண்ணுக்குப் போயிருக்கலாம். அங்கே யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அது இடது கண்ணுக்குள் போயிற்று.

அந்த வலிக்கு உவமை தேடினால் பொய் சொல்வதாகும். கண் தானாகவே இறுக மூடிக்கொண்டது. திறக்க முயன்றால் இமை என் பேச்சைக் கேட்கவில்லை. வலது கண்ணால் பார்த்தேன். குளியலறை ஒரு வெள்ளைக் கலங்கலாக இருந்தது. துண்டால் துடைத்து, துண்டைப் பார்த்தேன். சிவப்பு. மஞ்சளின் சிவப்பா, என் ரத்தமா? அந்தக் கண்ணால் அதைச் சொல்ல முடியவில்லை. அப்போதுதான் பயம் வந்தது. அதற்கு முன் இருந்தது வெறும் வலி.

மிச்ச வாழ்க்கை முழுவதும் இப்படித்தான் தெரியும் என்று ஒரு குரல் மனதுக்குள் மிகச் சாதாரணமாகச் சொன்னது, ரயில் தாமதம் என்று அறிவிப்பதுபோல. ஓய்வு பெற்றபின் படிப்பதற்கென்று அலமாரி நிறையப் புத்தகங்கள் வாங்கி அடுக்கியிருந்தேன். முதுகுகளைத் தடவித்தான் பார்க்கப்போகிறேன் என்று தோன்றியது. ஈரமே இல்லாத குளியலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கதவு திறக்கும் சத்தம். மனைவி. வாசலிலேயே பை விழுந்தது.

"ஐயோ! யாரு அடிச்சா? விழுந்துட்டீகளா?"

"சுண்ணாம்பு" என்றேன். "கண்ணுல."

"சுண்ணாம்பு எப்படிங்க கண்ணுல போச்சு?"

"மூஞ்சில பூசினேன். மஞ்சளோட."

அவள் ஓடினாள். குளிர்பெட்டி திறந்தது. நிரப்பி வைத்திருந்த பாட்டில்களை எல்லாம் மடியில் அள்ளிக்கொண்டு வந்தாள்.

"படுங்க. தலையச் சாய்ங்க. கண்ணத் தொறங்க!"

"முடியல."

"தொறங்கன்னா தொறங்க!"

இரண்டு விரலால் இமையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு ஊற்றினாள். ஐஸ் தண்ணீர், திறந்த கண்ணுக்குள். நான் கத்தியது தெருவில் கேட்டிருக்கும். பாட்டில் தீர்ந்தால் அடுத்த பாட்டில். அது தீர்ந்ததும் சமையலறை மண்பானையைத் தூக்கிவந்தாள். அது தீர்ந்ததும் குடிதண்ணீர் வடிகட்டியைக் கழற்றிக் கவிழ்த்தாள். ஊற்றிக்கொண்டே பேசினாள்.

"மஞ்சத் தாளு காரத்துல பட்டா செவக்கும்னு ஒம்பதாங் கிளாஸ்ல நடத்துறேன். வருசா வருசம் நடத்துறேன். கிண்ணத்துல செவந்துச்சுல்ல? அப்பயாச்சும் தெரிய வேணாமா?"

"மாடி ஆன்ட்டிஜி சொன்னாங்க. ஆரத்தின்னு நெனச்சேன்."

"வாயத் தொறக்காதீக. கண்ண மட்டும் தொறங்க."

கன்னத்தில் வழிந்த தண்ணீரை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சுண்ணாம்பு கழுவப்படக் கழுவப்பட, சிவப்பு மெல்ல மஞ்சளாகத் திரும்புமாம். ஒரு பள்ளிச் சோதனைக்கூடத்தில் தாளை வைத்துச் செய்யும் சோதனையை அவள் என் மூஞ்சியை வைத்துச் செய்துகொண்டிருந்தாள். கன்னம் மஞ்சளானது. கண்ணோரம் சிவப்பு போகவில்லை.

"வாங்க, ஆஸ்பத்திரிக்கு. கடைசிப் பாட்டிலக் கையில வச்சுக்கங்க."

படிக்கட்டில் ஆன்ட்டிஜி வழிமறித்தார். என் கத்தல் கேட்டு ஒரு கிண்ணத்தோடு இறங்கிவந்திருந்தார். "தேசி கீ ஹை. ஆங்க் மே டால் தோ!" கண்ணில் நெய் விடச் சொல்கிறார். வீட்டு வைத்தியம் ஒன்றால் விழுந்தவனை இன்னொன்றால் தூக்குவது எங்கள் தெரு வழக்கம். மனைவி கிண்ணத்தை ஒதுக்கினாள்.

"சூனா போட்டுக்கச் சொன்னீங்களாமே ஆன்ட்டிஜி!" என்று அவள் தன் இந்தியில் பொரிந்தாள்.

"சூனா? மைனே சூனா கப் போலா?" நான் எப்போது சூனா என்றேன் என்று ஆன்ட்டிஜி நெஞ்சில் கை வைத்தார். பிறகு என் முகத்துக்கு மிக அருகே வந்து, செவிடனுக்குச் சொல்வதுபோல உரக்கச் சொன்னார்: "ச்சனா ஹுவா தஹி! ச்ச-னா!"

வடிகட்டிய தயிர். துணியில் கட்டித் தொங்கவிட்டு நீர் வடித்த கெட்டித் தயிர். அந்த 'ச்ச'வோடு வந்த மூச்சுக் காற்று என் வெந்த கன்னத்தில் சுரீர் என்று பட்டது. மூச்சுவிட்டுச் சொல்லும் ச எது, விடாமல் சொல்லும் ச எது என்ற வித்தியாசம், இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு, எனக்குத் தோலில் விளங்கிற்று.

ஆட்டோ கிடைத்தது. தலையை அண்ணாந்து நான், என் இமையைப் பிரித்து ஊற்றிக்கொண்டே மனைவி. வலது கண்ணில் தில்லி ஓடியது. கடைப் பலகைகள், பேருந்தின் நெற்றி, திசைகாட்டிகள், எதிலும் எழுத்து இல்லை. ஊர் முழுவதும் யாரோ வெண்ணெய் தடவிவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு பலகையையாவது படித்துவிட முடியுமா என்று ஒவ்வொன்றாக முயன்றேன். முடியவில்லை.

ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். மஞ்சளும் சிவப்புமாக நனைந்த ஓர் ஆள். "கிஸ்னே மாரா?" என்றார். யார் அடித்தது?

"கிஸீனே நஹீ மாரா" என்றாள் மனைவி, யாரும் அடிக்கவில்லை என்று. "சூனா லகாயா."

"அச்சா!" அவர் குரலில் அனுதாபம் பொங்கியது. "கித்னே கா?"

மனைவிக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தாலும் விளக்கும் நிலையில் நான் இல்லை. தமிழில் ஒருவனை ஏமாற்றினால் நாமம் போட்டான் என்போம். இந்தியில் சுண்ணாம்பு பூசினான் என்பார்கள். சூனா லகாயா என்றால் ஏமாற்றிவிட்டான் என்று பொருள். எவ்வளவுக்கு ஏமாற்றினான் என்று அந்த நல்ல மனிதர் கேட்கிறார். இரண்டு மொழியும் மோசடியை முகப்பூச்சாகவே பார்த்திருக்கின்றன என்பதை, வேறொரு நாளாக இருந்தால், உட்கார்ந்து ரசித்திருப்பேன்.

அவர் ரசிக்கவில்லை, முடிவெடுத்துவிட்டார். ஏமாற்றியதும் இல்லாமல் அடித்தும் இருக்கிறார்கள். "பெஹ்லே தானா, மேடம். போலீஸ் கேஸ் ஹை. ரிப்போர்ட் இல்லேன்னா டாக்டர் தொடக்கூட மாட்டார்" என்கிற பொருளில் இந்தியில் ஏதோ சொல்லிக்கொண்டே, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய சாலையை விட்டு வண்டியைச் சடாரென்று இடதுபக்கம் ஒடித்தார்.

தானா என்றால் காவல் நிலையம். நான் சொல்ல வாயைத் திறந்தேன், தண்ணீர் வாய்க்குள் போய் இருமல்தான் வந்தது. பாட்டிலில் தண்ணீர் அடியைத் தொட்டுவிட்டது. கண்ணுக்குள் அந்தச் சுண்ணாம்பு என்ன செய்துகொண்டிருக்கிறதோ தெரியவில்லை. அங்கே புகார் எழுதச் சொல்வார்கள், பெயர், தந்தை பெயர், எதிரி பெயர். எதிரி பெயர் என்று என் பெயரையே எழுத வேண்டும். அந்த நினைப்பில்கூட எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகை வந்தது. அழுதால் கண்ணுக்கு நல்லதா கெட்டதா என்றுகூடத் தெரியாமல் அழுதேன்.

"யோவ்! வண்டியத் திருப்புய்யா!" மனைவிக்கு இந்தி மொத்தமும் மறந்துபோய் மதுரை வெளியே வந்தது. "தானாவும் வேணாம், மீனாவும் வேணாம்! கண்ணுய்யா! கண்ணு! ஆங்க்! ஆங்க் மே சூனா! பான்வாலா சூனா!"

"பான்வாலா சூனா?" ஓட்டுநர் திரும்பியே பார்த்துவிட்டார். "ஆங்க் மே?"

வண்டி ஒற்றைச் சக்கரத்தில் திரும்பியது என்று நினைக்கிறேன். எதிர்ப்பாதையில், ஹாரனிலிருந்து கையை எடுக்காமல், மற்றக் கண்ணுக்கும் உயிருக்கும் சேர்த்து நான் பயப்படும்படி ஓட்டிக் கண் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினார்.

உள்ளே ஓர் இளம் டாக்டர். மெட்ரோவில் எனக்கு இடம் கொடுத்த பெண்ணின் வயதுதான் இருக்கும். சுண்ணாம்பு என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் மாறியதை என் வலது கண்கூடக் கண்டுபிடித்தது. "ஜல்தி!" என்று அவசரப்படுத்தினார். யாரோ என்னைப் படுக்கவைத்தார்கள். மரத்துப்போகும் சொட்டு மருந்து விழுந்தது. வலி மெல்ல விலகியது. வலி இருந்தவரை கண் இருந்தது. இப்போது இருக்கிறதா என்று எனக்குப் புதிதாக ஒரு பயம். குளுக்கோஸ் பாட்டில்போல ஒன்றைத் தொங்கவிட்டு, குழாய் வழியாகக் கண்ணுக்குள் ஓடவிட்டார்கள். மேலிமையைப் புரட்டிப்போட்டு, உள்ளே ஒட்டிக்கிடந்த வெள்ளைத் துகள்களைப் பஞ்சுக் குச்சியால் ஒவ்வொன்றாக எடுத்தார். நடுநடுவே ஒரு சின்னத் தாளைக் கண்ணோரத்தில் தொட்டுப் பார்த்து, தலையை ஆட்டி, இன்னும் ஓடட்டும் என்றார். அந்தத் தாளின் நிறத்தை என் மனைவி அவரோடு சேர்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் தாள் தேவையில்லை, ஆளே இருக்கிறார் என்று அவள் சொல்லவில்லை. அவ்வளவு பயந்திருந்தாள்.

"முகத்தில் சூனா எதற்கு?" என்று டாக்டர் இந்தியில் கேட்டார், கையை நிறுத்தாமல்.

பக்கத்துப் படுக்கைகளில் ஆட்கள் இருந்தார்கள். "க்ளோ கே லியே" என்றேன். பளபளப்புக்காக. இந்தியில் நான் பேசிய வாக்கியங்களிலேயே கடினமானது அது.

டாக்டர் சிரிக்கவில்லை, அதுவும் பயமாக இருந்தது. அமிலம் பட்டால் மேலே சுட்டுவிட்டு நின்றுவிடும், சுண்ணாம்பு நிற்காது, உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருக்கும் என்று விளக்கினார். வீட்டில் தண்ணீர் ஊற்றினீர்களா என்று மனைவியிடம் கேட்டார். ஊற்றினேன் என்றாள். எலுமிச்சை, பால், நெய் ஏதாவது? இல்லை. "அச்சா கியா" என்றார், நல்லது செய்தீர்கள் என்று. இந்தக் கண் பிழைத்தால் அந்தத் தண்ணீரால்தான் பிழைக்கும். முகத்துத் தோல் உரியும், புதிதாக வந்துவிடும். கண்ணின் கருவிழி தெளிகிறதா, மூடுபனி போலத் தங்கிவிடுகிறதா என்பதைச் சில நாள் கழித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பிழைத்தால். அந்த 'ஆல்' விகுதியோடு வீட்டுக்கு வந்தேன்.

அந்த நாட்களை நான் இடது கண்ணில் கட்டோடும், முகத்தில் களிம்போடும், மின்விசிறியின் சத்தத்தைக் கேட்டபடியே கழித்தேன். சொட்டு மருந்து விடக் கட்டை அவிழ்க்கும்போதெல்லாம் கண்ணைத் திறக்கப் பயம். கன்னம் வெந்த உருளைக்கிழங்குபோல உரிந்தது. அது பெரிய விஷயமாகவே தோன்றவில்லை; ஒரு வாரத்துக்கு முன் அந்தக் கன்னத்துக்காகத்தான் எல்லாம். மனைவி மாலையில் பத்திரிகை படித்துக் காட்டினாள். ஒருநாள் நான் எழுதிய நகைச்சுவைக் கட்டுரையே வந்திருந்தது. முழுவதும் படித்தாள். ஓரிடத்திலும் சிரிக்கவில்லை. "இது சிரிக்கிற எடமா?" என்று இரண்டு முறை நிறுத்திக் கேட்டாள்.

ஒரு மத்தியானம் அவள் தூங்குகிறாள் என்று நினைத்து அலமாரிப் பக்கம் போய் ஒரு புத்தகத்தை எடுத்து முகர்ந்துகொண்டு நின்றேன். "எடுத்த எடத்துல வைங்க" என்று குரல் வந்தது. சற்றுப் பொறுத்து, அதே குரல், "படிக்கத்தானே போறீக, அவசரமென்ன" என்றது. அவளும் தூங்கவில்லை. அந்த நாட்களில் அவள் தூங்கியே நான் கேட்கவில்லை.

கட்டைப் பிரிக்கும் நாள் வந்தது. டாக்டர் விளக்கை அடித்துக் கண்ணுக்குள் நெடுநேரம் பார்த்தார். தூரத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார். மேல் வரிசை தெரிந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. கடைசி வரிசைக்கு முந்திய வரிசையை நான் சத்தம் போட்டு வாசித்தபோது பின்னால் மனைவி மூக்கை உறிஞ்சினாள். சாயம் போட்ட சொட்டு விட்டு இன்னொரு முறை பார்த்து, கருவிழி தெளிவாக இருக்கிறது, தழும்பு இல்லை என்றார் டாக்டர்.

பிறகு பழைய கண்ணாடியைப் போடச் சொல்லி, கையில் ஒரு சின்ன அட்டையைக் கொடுத்தார். பொடி எழுத்தில் சில வரிகள். பார்த்தேன். எழுத்துகள் எறும்புகளாக ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. அட்டையைத் தள்ளிப் பிடித்தேன், கிட்டே கொண்டுவந்தேன். படிக்க முடியவில்லை. ஒரு சொல்லும் பிடிபடவில்லை. தூரம் தெரிகிறது, எழுத்து போய்விட்டது. போக வேண்டியதையெல்லாம் விட்டுவிட்டுச் சுண்ணாம்பு சரியாக என் படிப்பைப் பார்த்துத் தின்றிருக்கிறது.

"டாக்டர்" என்றேன். "படிக்க முடியல. சூனா... உள்ளே போயிடுச்சா?"

அவர் இழுப்பறையிலிருந்து ஒரு கண்ணாடி வில்லையை எடுத்து என் பழைய கண்ணாடிக்கு முன்னால் பிடித்தார். எறும்புகள் வரிசையில் நின்றன. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, கறுப்பாக, புள்ளி வைத்து.

டாக்டர் வில்லையை எடுத்துவிட்டு, மருந்துச் சீட்டில் கண்ணாடியின் புது எண்ணை எழுதிக்கொண்டே, என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்:

"யே சூனா நஹீ, பாபாஜி. உமர் ஹை."